கற்கள் போன வழி

இன்றைக்கும் வரிசையின் கடைசியில் அவர்தான் வந்து நிற்கிறார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாதா கோயிலுக்குள் நுழையப் போகிறவர் மாதிரி. உள்ளே கூரையே கிடையாது, வானம்தான் இருக்கிறது, தூறல் நேராகத் தலையில் விழும், போட்டுக்குங்க என்று சொல்ல வாய் போகிறது, தமிழில் போகிறது, பல்லுக்குப் பின்னாலேயே பிடித்து நிறுத்தி பிரெஞ்சில் சொல்கிறேன், "தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள், மழை." அவரும் பிரெஞ்சில், "மிக்க நன்றி, மதாம்" என்கிறார். மதாம். கல்யாணமாகி இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய சவரிராயலு, என் மகளைப் பெற்றவர், குழம்பில் உப்புக் குறைந்தால் கரண்டியால் தட்டைத் தட்டுகிறவர், அவருக்கு நான் மதாம், யாரோ ஒரு அம்மணி. வடக்கேயிருந்து வந்திருக்கும் வயசான தம்பதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். ஒரே நிறம், ஒரே மாதிரி முகவெட்டு, உறவோ என்று தோன்றியிருக்கும், ஆனால் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறவர்கள் எப்படிப் புருஷன் பெண்டாட்டியாக இருக்க முடியும் என்று விட்டுவிட்டார்கள் போல. சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்ணும் தனியாக வந்திருக்கிறாள். அவ்வளவுதான் கூட்டம். இலை உதிர்கிற மாதத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வேறு யார் வருவார்கள், இடிந்த மடத்தைப் பார்க்க.

க்ளேர்சூர்ஸ் மடத்துக்கு உங்களை வரவேற்கிறேன், என் பெயர் அமலோற்பவம், கஷ்டமாக இருந்தால் அமலி என்று கூப்பிடலாம், என்று ஆரம்பிக்கிறேன், வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும், பல வருஷப் பழக்கம், செபமாலை உருட்டுவது மாதிரி. க்ளேர்சூர்ஸ் என்றால் தெளிந்த ஊற்று. ஆனால் முதல் துறவிகள் வந்தபோது இங்கே தெளிவும் இல்லை ஊற்றும் இல்லை, சேறு, கொசு, நாணல், குளிர்காலத்தில் ஓநாய். எவரும் வேண்டாம் என்று விட்ட நிலத்தைத்தான் பிரபு அவர்களுக்குத் தானமாகக் கொடுத்தார், கொடுக்கிறவர்கள் எப்போதும் அப்படித்தானே கொடுப்பார்கள். சாயம் போடாத கம்பளி அங்கி போட்டவர்கள், வெள்ளைச் சாமியார்கள் என்று ஜனங்கள் சொல்வார்கள். அவர்கள்தான் சேற்றை வெட்டி வாய்க்கால் எடுத்து ஓடையை ஒரு பக்கமாகத் திருப்பினார்கள், அதோ சலசலக்கிறதே அதேதான். சிவப்புக் கோட்டுப் பெண் ஓடையைப் படம் எடுக்கிறாள். அவர் படம் எடுப்பதில்லை, குனிந்து தண்ணீரைப் பார்க்கிறார், கவனமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. இத்தனை வருஷத்தில் ஒரு தரமாவது வந்து கேட்டிருப்பாரா. நான் இந்த வேலையில் சேர்ந்தபோது சிரித்தார், "ஏன் அமலு, சாமியாருங்களே வேணாம்னு வுட்டுட்டுப் போன எடத்த நீ கூட்டிப் பெருக்கப் போறியா" என்று. முதலில் பெருக்கத்தான் சேர்ந்தேன், பிறகு பழைய வழிகாட்டி ஓய்வு பெற்றதும் என்னைப் பேசச் சொன்னார்கள். "இடிஞ்ச மடம் எப்படி இருக்கு, இன்னிக்கி ஏதாவது எழுந்து நின்னுச்சா" என்று சாயங்காலம் கேட்பார், அந்தக் கேலிக்காகவே நான் வீட்டுக்கு வேகமாக நடந்திருக்கிறேன். அந்தக் கேலி இப்போது எங்கே இருக்கிறது. மூளையில் எந்தச் சந்தில் சிக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இப்போது தினமும் வருகிறார், வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் நான் அழைத்து வருகிறேன், தினமும் புதுசாகக் கேட்பது மாதிரி கேட்கிறார், இந்த மடத்துக்கு அவரைவிட நல்ல பார்வையாளர் கிடையாது. எனக்கு வேண்டியது பார்வையாளர் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் என்பது நாங்கள் இரண்டு பேர்தான். மகள் ஒதிலுக்கு வராது, லியோனில் இருக்கிறாள், புரிந்துகொள்வாள் கொஞ்சம், பதில் பிரெஞ்சில். எங்களைப் போன்ற பாண்டிச்சேரிக்காரர்கள் தூலோனில் இருக்கிறார்கள், பாரிசில் இருக்கிறார்கள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் எல்லாரும் போகிற இடத்துக்குப் போகாமல் இவர்தான் இந்த மலைச்சரிவில் மலிவாக வீடு கிடைக்கிறது என்று கூட்டிக்கொண்டு வந்தார். "நமக்கு யாரு வேணும், நீ ஒருத்தி பத்துப் பேர் பேச்சப் பேசுவ" என்றார். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவளின் மூஞ்சிக்கு நேராக நின்று அவள் மூக்கைப் பற்றித் தமிழில் பேசிவிட்டு பிரெஞ்சில் அவளுக்கு வணக்கம் சொல்வோம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் அப்பாவிடம் அதைத்தான் கேட்டார், ஆப்பிரிக்காவில் ஜிபுத்தி பட்டாள முகாமிலிருந்து லீவில் வந்தவர், முகமெல்லாம் வெயிலில் கருகி, "பொண்ணு நல்லா பேசுமா மாமா? பட்டாளத்து பாராக்குல பேச்சே இல்ல, ஆர்டர்தான்." நான் கதவுக்குப் பின்னால் சிரித்த சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. அந்த மனுஷருக்கு நான் இப்போது பேசுவது முழுக்க ஆர்டர்தான். உட்காருங்கள். மாத்திரையைப் போடுங்கள். கையை இப்படி நீட்டுங்கள். பிரெஞ்சில் எனக்கும் அவருக்கும் நடுவே வேறு வார்த்தையே இல்லை, நாங்கள் ஒரு நாளும் அதில் பேசிக்கொண்டதில்லையே. மடத்தைப் பற்றி எனக்குப் பிரெஞ்சு தெரியும், தபால் ஆபீசுக்கு, மருந்துக் கடைக்குத் தெரியும், புருஷனிடம் கொஞ்சுவதற்குத் தெரியாது. அவருக்கும் அப்படித்தான், அதனால்தான் மதாம், அவர் என்ன செய்வார்.

இதுதான் சாப்பாட்டுக் கூடம், என்கிறேன், இங்கே பேசக்கூடாது என்பது சட்டம். வாசிக்கிறவர் ஒருவர் மேடையில் நின்று வேதம் வாசிப்பார், மற்றவர்கள் வாயைத் திறக்காமல் கையால் பேசிக்கொள்வார்கள். ரொட்டி வேண்டுமென்றால் இரண்டு கை விரல்களையும் சேர்த்து வட்டம். மீன் வேண்டுமென்றால் கையை வால் மாதிரி ஆட்டுவது. செய்து காட்டுகிறேன், வயசான அம்மா சிரித்துக்கொண்டே தானும் வாலாட்டிப் பார்க்கிறாள். வசந்தகாலம் முழுவதும் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியோடு விழுந்தார், மூளையில் ரத்தக் கட்டு, ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் தாதியைப் பார்த்து "நன்றி, மத்மொசேல்" என்றார், என்னைப் பார்த்து "வணக்கம், மதாம்" என்றார். நான் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன், "போதும் எழுந்திரிங்க, நடிக்காதீங்க" என்று தோளில் தட்டினேன், அந்தக் கண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கொஞ்ச நாளில் என்னை அடையாளம் தெரிந்தது, மகளைத் தெரிந்தது, வீட்டைத் தெரிந்தது, பிரெஞ்சு முழுசாகத் திரும்பி வந்தது, பட்டாளத்துப் பிரெஞ்சு, இஸ்திரி போட்ட மாதிரி. தமிழ் மட்டும் வரவில்லை. பேசவும் வரவில்லை, கேட்டாலும் புரியவில்லை. இப்படி ஆகிறதுண்டு என்றார் டாக்டர், இரண்டு பாஷை இருந்தால் ஒன்று போய் ஒன்று நிற்கும், எது போகும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த முதல் நாள் மறந்துபோய் அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டுவிட்டேன், "ஏங்க, சாப்பிட வாங்க, ஆறிப்போவுது." அவ்வளவுதான். கையெல்லாம் நடுங்க ஆரம்பித்துவிட்டது, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, என் காது கெட்டுப்போய்விட்டது, என் காது கெட்டுப்போய்விட்டது என்று பிரெஞ்சில் அழுதார், என் சவரி, பாலைவனத்தில் துப்பாக்கி தூக்கியவர். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் நல்லவள்தான், அவள்தான் சொன்னாள், இனி ஒரே பாஷை, இருக்கிறதை முதலில் காப்பாற்றுவோம், இன்னொன்றைக் கலந்து குழப்பாதீர்கள். அன்றிலிருந்து நான் வாயைக் கட்டிவிட்டேன். குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு எனக்கு நானே இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்வேன், உப்பு, புளி, வெளக்கமாறு, என்னவோ, வாய்க்கு வந்தது.

அடுத்து நடுக்கூடத்துக்கு நடக்கிறோம், அதாவது நடுக்கூடம் இருந்த புல்தரைக்கு. கொள்ளை நோய் வந்த வருஷத்தில் இங்கே அனேகமாக எல்லாரும் போய்விட்டார்கள், மிஞ்சிய ஒருவரோ இருவரோ புதைப்பதையும் மணியடிப்பதையும் தாங்களே செய்தார்கள், பிறகு சண்டை, ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்து கூரைக்குத் தீ வைத்தார்கள், கூரைமேல் போட்ட ஈயத் தகடு உருகிச் சுவரில் வழிந்தது. மறுபடி கட்டினார்கள். அப்புறம் ராஜா தனக்கு வேண்டிய பிரபுக்களை மடாதிபதியாக்கினார், அவர்கள் மடத்தின் பக்கமே வராமல் பாரிசில் இருந்துகொண்டு வருமானத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன், வரிசையின் கடைசியில் அவர் இல்லை. தம்பதி இருக்கிறார்கள், சிவப்புக் கோட்டு இருக்கிறது, அவர் இல்லை. வாய் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது, மடத்தில் துறவிகள் குறைந்துகொண்டே வந்தார்கள், என் கண் சுவர் சுவராகத் தேடுகிறது, மீன் குளம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, துறவிகள் வெட்டிய குளம், பாசி பிடித்த படி, வேலி போடச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன், மழையில் வழுக்கும், அவருக்கு இடது கால் இன்னும் இழுக்கிறது, கூப்பிட வேண்டும், என்ன சொல்லிக் கூப்பிடுவது, ஏங்க என்று கூப்பிட்டால் நடுங்குவார், குளத்துப் படியில் நடுங்கினால், முஸ்யே, ஐயா என்றா கூப்பிடுவேன் என் புருஷனை, ஒரு பெண்ணுக்கு இந்தக் கதி வருமா, அவரைக் கூப்பிடத் தெரியாமல் நிற்கிற கதி. "ஒரு நிமிஷம், மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடுகிறேன், ஓட முடியவில்லை, முழங்கால். உடைந்த தூண் ஒன்றுக்குப் பின்னால் நிற்கிறார். அடிக்கட்டை மட்டும் மிஞ்சிய தூண். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சும்மா. "குளிர்ச்சியாக இருக்கிறது, மதாம்" என்கிறார். "ஆமாம்" என்கிறேன். மூச்சு வாங்குகிறது. "எங்களோடு வாருங்கள். கடைசிக் கதையைச் சொல்லப் போகிறேன்." கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க விட்டார், மரியாதைக்கு.

கடைசிக் கதை புரட்சிக் காலத்துக் கதை. அரசாங்கம் மடங்களை எடுத்துக்கொண்டது, மிஞ்சியிருந்த சில கிழவர்களை உங்களுக்கு விடுதலை என்று சொல்லி வெளியே அனுப்பியது. மடத்தை ஏலத்தில் எடுத்தவர் ஒரு மர வியாபாரி. அவருக்கு மடம் வேண்டாம், கல்தான் வேண்டும். வளைவுகளுக்கு அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார், வண்டி வண்டியாகக் கல்லை விற்றார், இந்த ஊரில் நீங்கள் பார்க்கிற பாதி வீடு, மாட்டுத் தொழுவம், ஓடைமேல் இருக்கிற பாலம், எல்லாம் இந்தக் கோயில்தான். எங்கள் வீடும் அதுதான், அடுப்புக்கு மேலே ஒரு கல்லில் திராட்சை இலை செதுக்கியிருக்கிறது, அதற்குக் கீழேதான் நான் இத்தனை வருஷமாகத் தாளிக்கிறேன், இதைப் பார்வையாளர்களிடம் சொல்வதில்லை. சொல்வது சகோதரர் கில்பேரின் கதை, ஊரில் வாய்வழியாக வருகிற கதை, நிஜமா என்று கேட்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். வெளியே அனுப்பியவர்களில் கில்பேர் மட்டும் போகவில்லை. கல் வண்டி இழுக்கிற கூலியாளாகச் சேர்ந்துகொண்டார். சொந்த மடத்தை இடித்துக் கொண்டுபோகிற வண்டியை இழுக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று ஜனங்கள் கேட்டார்கள். "எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா" என்றாராம். எல்லாக் கல்லும் போன பிறகு, மடத்தில் ஒரு நாளில் எத்தனை வேளை ஜெபம் பாடுவார்களோ அத்தனை வேளையும் பாடத் தொடங்கினார், ஒவ்வொரு வேளையும் கல் போன ஒரு வீட்டின் முன்னால் நின்று. விடியல் ஜெபம் மாட்டுத் தொழுவத்தில், மாலை ஜெபம் பாலத்தில். பீடக் கல் போனது ஒரு சாராயக் கடைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நிற்பாராம். முதலில் சிரித்தார்கள், நாயை விட்டார்கள். பிறகு அந்தந்த நேரத்துக்குக் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்தார்கள், சாகும்வரை பாடினார். இங்கே நான் நிறுத்துவேன், எல்லாரும் கை தட்டுவார்கள்.

இன்றைக்குக் கை தட்டுவதற்கு முன்னால் அவர் விரலைத் தூக்கினார். "ஒரு கேள்வி, மதாம். அவர் எந்த மொழியில் பாடினார்?" "இலத்தீனில்" என்றேன். "இந்தக் குடியானவர்களுக்கு இலத்தீன் தெரியுமா?" "தெரியாது." "ஒரு வார்த்தைகூடவா?" "ஒரு வார்த்தைகூட." நெற்றியைச் சுருக்கினார், கணக்குப் புரியாதவர் மாதிரி. "பிறகு ஏன் கதவைத் திறந்து வைத்தார்கள்?" எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் இந்தக் கதையை, யாரும் இதைக் கேட்டதில்லை, எனக்கே தோன்றியதில்லை. அந்த வயசான அம்மாதான் பதில் சொன்னாள், அவரைப் பார்த்து, வெகு சாதாரணமாக, "கேட்டுப் பழகிவிட்டது, முஸ்யே. ஒரு நாள் வராவிட்டால் அவர்களுக்கு ஒருமாதிரி இருந்திருக்கும்." "ஆ" என்றார் அவர். திருப்தியாகிவிட்டது. பிறகு கை தட்டினார்கள், அவரும் தட்டினார், வலது கையால் இடது கையில்.

அவர்கள் போய்விட்டார்கள். வாசலில் கார் கிளம்புகிற சத்தம். தூறல் நின்று ஈர இலை வாசனை அடிக்கிறது, அவர் சுவரின் அடிவரிசைக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார், "நான் இங்கே சிறிது நேரம் உட்காரலாமா, மதாம்?" உட்காருங்கள். நானும் உட்கார்ந்தேன், இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. கேட்டுப் பழகிவிட்டது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பயிற்சிப் பெண் சொன்னது ஒன்றும் தப்பில்லை, குழப்பாதீர்கள் என்றாள், நான் குழப்ப மாட்டேன், அவரிடம் எதுவும் கேட்க மாட்டேன், பதில் சொல்லச் சொல்ல மாட்டேன், தமிழ் அவர் காதில் விழுந்தால் போதும். ஆனால் நடுங்கினால். காதைப் பொத்தினால். இந்தத் திறந்த வெளியில் அவர் அழுதால் நான் என்ன செய்வேன், நான் ஒருத்தி, யாரைக் கூப்பிடுவேன். என்னை மட்டும் யார் கேட்கிறார்கள், எனக்குள்ளும்தான் கூரை இறங்கிக்கொண்டிருக்கிறது, நேற்று விளக்குமாறு என்கிற வார்த்தைக்கு நான் தடுமாறினேனே, குளியலறையில், நாக்கு பிரெஞ்சைத் தேடிப் போனதே. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், மெதுவாக, யாரோடும் பேசாத மாதிரி ஆரம்பித்தேன். "இங்க மொதல்ல ஒண்ணும் இல்லீங்க. சேறுதான். கொசு. வெள்ளத் துணி போட்ட சாமியாருங்க வந்தாங்க, வந்து வாய்க்கா வெட்டுனாங்க." கைகள் முழங்கால்மேல் கிடந்தன. வலது கட்டைவிரல் அசைந்தது. நிறுத்தினேன். அசைவும் நின்றது. மறுபடி சொன்னேன். பல வருஷம் பிரெஞ்சில் சொன்ன கதைக்குத் தமிழில் எனக்கு வார்த்தையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது, வளைவுக்கு என்ன சொல்வது, நடைகூடத்துக்கு என்ன, பெரிய கதவு, நீட்டு வராந்தா என்று எதையோ போட்டு ஒப்பேற்றினேன், கொள்ளை நோயைச் சொன்னேன், தீ வச்சதைச் சொன்னேன், சொல்லச் சொல்லக் கதை எப்படியோ வழி மாறிப் போய்விட்டது, "அப்புறம் ரெண்டு பேரு வந்தாங்க, ஒரு பட்டாளத்துக்காரரும் அவரு பொண்டாட்டியும், அந்தம்மாவுக்குக் குளுரே ஆவாது, மொத வருஷம் பூரா போர்வைய வுட்டு வெளியில வரல, அவருதான் ரசம் வச்சிக் குடுத்தாரு, வாயில வைக்க முடியாது, ஆனா அந்தம்மா குடிச்சாங்க."

"இது என்ன மொழி, மதாம்?"

முகத்தைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. தலையைச் சாய்த்து, பக்கத்து வீட்டு வானொலியைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டேன். "இல்லை இல்லை. வேகமாக இருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கிறது." "தமிழ்" என்றேன். "உங்கள் மொழி." "என்னுடையதா?" யோசித்தார். "எனக்குத் தெரியாதே." "தெரியும். பிரமாதமாகப் பேசுவீர்கள். முக்கியமாக என்னைத் திட்டுவதற்கு." சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க, வாளியோடு விழுந்த நாளுக்குப் பிறகு நான் பார்க்காத சிரிப்பு. "அப்படியா? உங்களைத் திட்டுவேனா, மதாம்? மன்னிக்கவும்." பிறகு பட்டாளத்துக்காரருக்கே உரிய நியாயத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியென்றால் இப்போது உங்கள் முறை. அந்த மொழியில் என்னைத் திட்டுங்கள். எப்படியிருக்கும் என்று கேட்கிறேன்."

திட்டுவதா. எதிலிருந்து ஆரம்பிப்பது. நடுவில் விட்டிருந்த ஒரு ஆள் இடத்தைத் தாண்டி நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன்யா" என்றேன். என் வாழ்க்கையில் அவரை யா போட்டதில்லை. "ஏன்யா, உனக்குக் கொஞ்சமாவது இருக்கா? காரக் கழுவுறேன் காரக் கழுவுறேன்னு காலையில டீகூடக் குடிக்காம போனியே, ஞாயித்துக்கெழம யாராவது கார் கழுவுவாங்களா? என்னைய இந்தக் குளுருல, இந்த மலையில கொண்டாந்து வச்சிட்டு, நீ பாட்டுக்குப் பூட்டிட்டு உள்ள போயிட்டியே, நான் யார்கிட்டப் பேசுவேன்? சந்தையில அந்தப் பொம்பள மூக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு, நான் யார்கிட்டச் சொல்லுவேன்? மதாமாம் மதாம். எவய்யா மதாம்? உம்பொண்டாட்டிய்யா நான்." குரல் உயர்ந்துவிட்டது, ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும், கேட்கட்டும், மூக்கு ஒழுகுகிறது, துடைக்கவில்லை, வந்துகொண்டே இருந்தது, வசந்தத்திலிருந்து சேர்ந்தது அத்தனையும், மருந்துக் கடைக்காரன், ஒதில் போன் பண்ணாதது, முழங்கால் வலி, உப்பு, புளி. அவர் ஒரு வார்த்தையும் புரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும், குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொள்கிற மாதிரி, உய், உய், ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.